பிக்ராஸ் டிஎஸ்: எண்களுக்குள் ஒளிந்திருக்கும் படம்

நின்டென்டோ டிஎஸ் கையடக்கக் கருவிக்காக ஜூபிட்டர் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த 'பிக்ராஸ் டிஎஸ்', ஓரங்களில் தரப்பட்ட எண்களைக் கொண்டு கட்டங்களை நிரப்பி, மறைந்திருக்கும் படத்தைக் கண்டெடுக்கும் விளையாட்டாகும். பத்துக் கட்ட வரிசையில் 8 என்ற எண் இருந்தால், அதாவது அங்கே எட்டுக் கட்டங்கள் தொடர்ச்சியாக நிரம்ப வேண்டுமென்றால், அந்த எட்டை இடப்பக்கம் ஒட்டி வைத்தாலும் வலப்பக்கம் ஒட்டி வைத்தாலும் நடு ஆறு கட்டங்கள் நிரம்பியே தீரும். அந்த ஆறும் மேலிருந்து கீழிறங்கும் ஆறு வரிசைகளுக்குத் துப்பாகிவிடுவதால், ஒன்றைத் தொட்டவர் அடுத்ததை விடமாட்டார். ஊகத்தில் நிரப்பித் தவறினாலோ கடிகாரத்தில் நிமிடங்கள் அபராதமாக ஏறும். முடிவில் கிடைக்கும் படம் பெரும்பாலும் சுமார்தான். படத்துக்காக யார் இதை ஆடுகிறார்கள்? உறங்குமுன் ஒரே ஒரு புதிர் என்று தொடங்கி, பேட்டரி விளக்கு சிவக்கும்வரை ஸ்டைலஸைக் கீழே வைக்காத இரவுகள் எனக்கு உண்டு.