பழைய கார் ஸ்டார்ட் ஆகாத காலையில்: என் மல்டிமீட்டர் அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குப் போய்வர நாங்கள் வைத்திருப்பது 2003 மாடல் பெட்ரோல் கார். அதன் டேஷ்போர்டில் பல வருடமாக வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் இது ஒன்று இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போன வருடம் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி கடைத் தம்பி வந்து பார்த்தவுடனே, "பேட்டரி போயிருச்சுங்ணா, மாத்திரலாங்" என்றார். கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு கம்பத்திலும் தொட்டேன். 12.5 காட்டியது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் சும்மா இருக்கும்போது வரும் அளவை மட்டும் நம்பக் கூடாது. சார்ஜ் உள்ள பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். எங்களுடையது 11க்கு மேலேயே நின்றது.

அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மற்றதை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, தம்பியையே சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுக்கு மேல் காட்டியது. அதாவது எஞ்சினின் இரும்பிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வழியிலேயே கரண்ட் தடுமாறுகிறது. கியர்பாக்ஸில் எர்த் ஒயர் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால் அடியில் ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் வண்டி கிளம்பிவிட்டது. அதே பேட்டரிதான் இன்னும் ஓடுகிறது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் இதே முறைதான்: ஒரு முனை கம்பத்தில், இன்னொன்று கிளாம்பில்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால், எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் மீட்டரைவிடக் காதும் கண்ணும்தான் உதவும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகும். அது கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸையும், பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயையும் பார்க்க வேண்டும். வால்பாறை மழையில் ஒருமுறை, ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்கி ஸ்பார்க் வரவில்லை. காய்ந்த துணியால் துடைத்ததும் சரியானது.

மீட்டரில் குறை இல்லாமல் இல்லை. அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் அளவைக் கூட்டிக் காட்டும். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு கார் பேட்டரியில் வைக்கவே கூடாது, ஷார்ட் ஆகும். வெயிலில் ஒயரின் ரப்பரும் வெடித்துப்போகிறது. நான் ஒரு ஜோடி மாற்றியாயிற்று. புதிதாக வாங்குபவர்கள் முதலைக் கிளிப் வைத்த ஒயரையும் சேர்த்து வாங்குங்கள். ஆள் துணை இல்லாத நேரத்தில் கிளிப்பை மாட்டி மீட்டரைக் கண்ணாடியோரம் சாய்த்துவிட்டு, நீங்களே சாவியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.