பாமாலையும் கீர்த்தனையும் ஒரே அட்டைக்குள்: பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் போதுமா?

சென்னையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது, பாமாலையும் (மேல்நாட்டு மெட்டில் பாடும் சபைப் பாட்டு) கீர்த்தனையும் (தமிழ் ராகத்தில் கட்டிய சபைப் பாட்டு) சேர்த்துக் கட்டிய, வார்த்தை மட்டும் உள்ள கையடக்கப் புத்தகம்தான். பார்க் டவுன், வேப்பேரி பக்கத்துக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கிடைக்கும். பெரியவர்களுக்கு மெட்டு காதிலேயே இருப்பதால் இது தாராளமாகப் போதும். பிள்ளைகளைப் பொறுத்தவரை கீர்த்தனைப் பகுதிக்கு நல்ல மதிப்பெண். பாமாலைப் பகுதியைத் தனியாக நம்பி இறங்கக் கூடாது.

கீர்த்தனையிலிருந்தே ஆரம்பிக்கலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் தமிழிலேயே நினைத்து, தமிழ் ராகத்திலேயே கட்டியவை இவை. வார்த்தையும் மெட்டும் ஒன்றாகப் பிறந்ததால் பிள்ளைகளுக்கு நாக்கு இடறுவதில்லை. 1853-ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்து அச்சிட்ட பிறகு இவை சபை ஆராதனைக்குள் பரவலாக வந்தன. புத்தகத்தில் பாட்டின் தலையிலேயே ராகமும் தாளமும் போட்டிருக்கும். பாதி ஆசிரியர்கள் அந்த ஒரு வரியைப் பார்ப்பதே இல்லை. அங்கேதான் வகுப்பு கெடுகிறது.

தாளத்தைப் பாருங்கள். ஆதி என்றால் எட்டு எண்ணிக்கை, சிக்கலில்லை. ரூபகம் என்றால் இரண்டு தட்டு, ஒரு வீச்சு. சாபு என்றால் ஏழு: தகிட, தகதிமி. கீபோர்டுக்காரர் வழக்கமான நாலு அடி ரிதத்தைப் போட்டுவிட்டால் சாபு பாட்டு எட்டாக இழுபடும். பிள்ளைகள் ஒவ்வொரு வரியின் முடிவிலும் காரணம் தெரியாமல் காத்திருப்பார்கள். ரிதத்தை அணைத்துவிட்டுக் கையால் தட்டுங்கள். இன்னொன்று எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு ஆரம்பிக்கும் இடம். தாளம் விழுந்து அரை இடம் தள்ளி ஆரம்பிக்கும் பாட்டைப் பிள்ளைகள் எப்போதும் முந்திக்கொண்டு எடுப்பார்கள். தட்டும்போது எல்லோரும் ‘ம்’ என்று சொல்லிவிட்டு எடுக்கவைத்தால் சரியாகிவிடும்.

ஸ்ருதி அதைவிட முக்கியம். வாத்தியார் தன் குரலுக்கு ஒரு கட்டையில் (‘கட்டை’ என்பது ஸ்ருதியின் அளவு) பிடித்தால், கூடவே கீழே பாடும் பிள்ளைக்குப் பல்லவி முணுமுணுப்பாகிவிடும். அதையே ஒரு ஸ்தாயி மேலே எடுத்தால் சரணத்தில் மேல் பஞ்சமம் வரும்போது கத்தலாகிவிடும். ஐந்தரை, ஆறு கட்டையில் பிடித்துப் பாருங்கள். ஆண் ஆசிரியருக்குச் சங்கடமாக இருந்தால், ஒரு அக்காவை முன்னால் பாடவைப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: சில பாட்டுகளுக்கு அச்சில் ஒரு ராகம் இருக்கும், சபை பாடும் மெட்டு வேறாக இருக்கும். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சபையோடு சேர்ந்து பாட வேண்டியவர்கள். சபை மெட்டையே சொல்லிக்கொடுங்கள்.

பாமாலைக்கு வருவோம். பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. மெட்டு இல்லாமல் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இதோடு ஒரு ட்யூன் புக்கும் (மெட்டுகளின் சுரக்குறிப்புப் புத்தகம்), அதைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த ஒருவரும் தேவை. பாட்டின் அளவு எண்ணைப் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே பழக்கிவிடுங்கள். 8.8.8.8 என்றால் வரிக்கு எட்டு அசை, நாலு வரி. அதே அளவுள்ள எந்த மெட்டிலும் பாடலாம். முதல் மெட்டாக ‘ஓல்ட் ஹண்ட்ரட்த்’ தான் எங்கள் சிபாரிசு. 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் (பைபிள் சங்கீதங்களைப் பாட்டாக்கிய தொகுப்பு) வந்தது, தாவல் குறைவு. ஜி ஸ்கேலில் எடுத்தால் கீழ் டி-யிலிருந்து மேல் டி வரை சரியாக ஒரு ஸ்தாயி, எட்டு வயதுப் பிள்ளைக்கு அடங்கும். கடைசி வரியின் முதல் சுரமே உச்சம் என்பதால், அதற்கு முன்னால் மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் தொண்டை கட்டிய மாதிரி ஒரு சத்தம் வரும். ஆண்களுக்காக ஸ்ருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இறக்கி வைத்துவிட்டு மறந்துபோவது கீபோர்டுகளின் நிரந்தர வியாதி. வகுப்பு தொடங்கும்முன் அது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பில் வரும் தொல்லை குறில்–நெடில். நீண்ட சுரத்தில் குறில் மாட்டினால் பிள்ளைகள் ‘வரும்’ என்பதை ‘வாரும்’ என்று பாடிவிடுவார்கள்; வாக்குத்தத்தம் ஜெபமாகிவிடும். சுரத்தை நீட்டலாம், வாயை ‘ஆ’ என்று முழுக்கத் திறக்கவிடக் கூடாது. அதனால்தான் முதலில் பாடாமல், தாளத்தோடு வரியை வாசிக்கவைக்க வேண்டும். பிறகு ‘லா’ என்று மெட்டு மட்டும். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து. கடைசியில் வாத்தியத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை. அப்போதுதான் யாருக்கு வந்திருக்கிறது, யார் வாயசைக்கிறார்கள் என்று தெரியும். ஒரு வாரத்துக்கு ஒரு சரணம் போதும்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்காக ஆங்கில எழுத்தில் தமிழ் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் பெருகிவிட்டது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ர, ற சொல்லவே வேண்டாம். அதற்குப் பதில், பெரிய எழுத்தில் தமிழிலேயே ஒரு பக்கம் எடுத்து, ‘தேவரீர்’, ‘பராபரன்’ போன்ற வார்த்தைகளுக்கு ஓரத்தில் பொருள் எழுதி ஒட்டுவது மேல். போனில் கிடைக்கும் கரோக்கி வேண்டாம். பெரும்பாலும் பெரியவர் குரலுக்குப் போட்டது. பிள்ளைக்கு மூச்சு முட்டினாலும் அது நிற்காது.

ஆராதனை முறைக்கு இந்தப் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். சபையில் கொடுக்கும் முறைமைப் புத்தகத்தையே கையில் கொடுங்கள். சபையார் சொல்லும் பகுதி தடித்த எழுத்தில் இருக்கும். பிள்ளைகள் உற்சாகத்தில் ஐயர் (போதகர்) பகுதியையும் சேர்த்துப் படிப்பார்கள். ஒரு பிள்ளையை ஐயராக நிறுத்தி வாசிக்கவைத்தால் தானாகப் பழகிவிடும். முதலில் கர்த்தருடைய ஜெபம், பிறகு பாவ அறிக்கை, அதற்குப் பிறகு விசுவாசப் பிரமாணம். சங்கீதத்தை மாறிமாறி வாசிக்கும்போது வசனத்தின் நடுவில் ஒரு மூச்சு விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓட்டப்பந்தயமாகிவிடும்.

வேறு சபைப் பிள்ளைகளும் வருகிறார்களென்றால் பாட்டு எண்ணைச் சொல்லாதீர்கள், முதல் அடியைச் சொல்லுங்கள். லுத்தரன் சபைப் புத்தகத்தில் வரிசை வேறு. தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளும் பழக்கம் ஒன்றல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று இதே ஊரில், செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் வேறு சிலவும் ஒன்றாகச் சேர்ந்து இந்தத் திருச்சபை ஆயின. அவரவர் மெட்டுகளும் கூடவே வந்தன. ராயப்பேட்டையில் ஒரு மெட்டு, வேப்பேரியில் ஒரு மெட்டு இருந்தால் அதிசயமில்லை.

இருபது பிள்ளைகளுக்குப் பத்துப் பிரதி போதும். இருவருக்கு ஒன்று என்றால், பக்கத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு மற்றது எடுத்துக் காட்டும். ஏழு வயதுக்குக் கீழே புத்தகமே வேண்டாம், பல்லவி மட்டும் காதால் கேட்டுப் படிக்கட்டும். பசை போட்டு ஒட்டிய பிரதி பிள்ளைகள் கையில் நடுவில் விரிந்துவிடும். வாங்கியதும் பைண்டரிடம் கொடுத்து நூல் தையல் போட்டு, காலிகோ அட்டை கட்டிக்கொள்ளுங்கள்.