பல்லடம் பக்கம் தவணைக்கு மனை வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நான், சீட்டு எடுத்து வைத்திருந்த 70,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்து, மாதம் 5,000 வீதம் 48 மாதங்கள் கட்டி, பல்லடத்தை அடுத்த ஒரு கிராமத்தில் 2 சென்ட் மனை வாங்கினேன். இடத்தைக் காட்ட வேனில் அழைத்துப் போனார்கள். சோளத்தட்டு அறுத்த அடிக்கட்டை கூட மக்காத காட்டில் சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன; சிவப்புப் பெயிண்டில் 34 என்று எழுதிய கல்தான் என்னுடையது என்றார்கள். ஊராட்சி முத்திரை குத்திய வரைபடத்தைக் காட்டியதும் அதுவே அப்ரூவல் என்று நம்பிவிட்டேன்.

பணம் முழுவதும் கட்டி முடித்த பிறகுதான் கிரையம் நடந்தது. பதிவு அலுவலகக் கூட்டத்தில் பத்திரத்தை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறகு வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது வங்கி அதிகாரி இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல சைட் நம்பரே இல்லீங்களே" என்றார். அப்போதுதான் கவனித்தேன்: மொத்தப் புஞ்சையில் "பிரிபடாத 2 சென்ட் பாகம்" என்று மட்டுமே எழுதியிருந்தது; அதாவது எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் ஒரு பங்கு, எந்த இடம் என்னுடையது என்பது அதில் இல்லை.

அங்கீகாரம் பெறாத விவசாய நிலத்தை மனையாகப் பிரித்துப் பதிவதைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுப்பதால், பாகமாக எழுதி அதைத் தாண்டியிருக்கிறார்கள். பட்டாவும் கூட்டுப் பட்டாவாகவே வந்திருக்கிறது. அதில் எத்தனையோ பேருடன் என் பெயரும் ஒன்று. 34 என்று எழுதிய கல் எனக்கானது என்று சொல்ல என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.

முன்பணம் கொடுக்கும் முன்பே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தந்த மனைப்பிரிவு அனுமதி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்; ஊராட்சி முத்திரை அதற்கு ஈடாகாது. 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகியிருக்க வேண்டும் என்பதும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் சட்டம். எனக்குத் தந்ததோ ஒரு தவணை அட்டை மட்டுமே. வில்லங்கச் சான்றை நானே இணையத்தில் எடுத்துப் பார்த்து வில்லங்கம் இல்லை என்று நிம்மதியடைந்தேன். ஆனால் நிலத்துக்கு மனை அனுமதி உண்டா என்பதை அது சொல்லாது. கிரையப் பத்திரத்தின் வரைவை, விற்பவர் காட்டும் வக்கீலிடம் அல்லாமல் உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கட்டுங்கள்.

இதே முறையில் பாகமாக எழுதி வாங்கியவர்கள் பல்லடம், சூலூர், அவிநாசிப் பக்கம் யாரேனும் இருந்தால், தவணை அட்டையையும் ரசீதுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகார் கொடுக்க நான் அவற்றைத்தான் கொண்டு போகிறேன்.