மறதி நோயாளிகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம்: மாலை நான்கு மணியை வைத்து ஒரு மதிப்பீடு

அல்சைமர் நோயாளிகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையங்கள், சேர்க்கைக்கு முன் இடத்தைப் பார்க்க விரும்பும் குடும்பத்தினரைப் பெரும்பாலும் காலை 11 மணிக்கு வரச் சொல்கின்றன. அந்த நேரத்தில் எந்த மையமும் நன்றாகத்தான் இருக்கும். பெரியவர்கள் குளித்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்; யாராவது பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருப்பார்கள். என் அப்பாவைச் சேர்த்த மையத்தையும் நாங்கள் அப்படி ஒரு காலைப் பொழுதில்தான் பார்த்தோம். சென்னையின் வடமேற்குப் பகுதியில், பழைய தனி வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில், அதிகபட்சம் 15 பேருக்கு இடமுள்ளதாகத் தனியார் நடத்தும் மையம் அது. குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் யோசித்துச் செய்திருக்கிறார்கள். வாசல் கதவுக்கும் அதை ஒட்டிய சுவருக்கும் ஒரே வண்ணம் பூசி, தாழ்ப்பாளைத் தலைக்கு மேல் வைத்திருப்பதால், வெளியே போகத் துடிக்கும் ஒருவருக்கு அது கதவாகவே கண்ணில் படுவதில்லை. கழிவறைக் கதவு மட்டும் பளிச்சென்ற மஞ்சள். அதில் எழுத்துக்குப் பதிலாகப் படம். முகம் கழுவும் இடத்தில் கண்ணாடி இல்லை, ஏனென்றால் நோய் முற்றியவர்களில் சிலர் தங்கள் பிம்பத்தையே அந்நியர் என்று எண்ணிப் பயப்படுவார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள் நுழைவாயிலில் கறுப்பு மிதியடி ஒன்றைப் போட்டிருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. அல்சைமர் நோயில் கண் நன்றாக இருந்தாலும் ஆழத்தையும் நிற வேறுபாட்டையும் மூளை தவறாகப் புரிந்துகொள்வதால், வெளிர் நிறத் தரையில் கிடக்கும் கறுப்புத் துணி பள்ளமாகத் தெரியும். அப்பா அதன் விளிம்பில் நின்று, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் ஆழம் பார்ப்பார். சொன்ன மறுநாளே மிதியடியை எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காலை நிகழ்ச்சிகளுக்கு முழு மதிப்பெண் தரலாம், அதை நடத்தும் மூத்த பணியாளர் இருக்கும்வரை. அப்பா பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரத்தில் அவருக்கு வண்ணம் தீட்டும் புத்தகமும் பிளாஸ்டிக் கட்டைகளும் கொடுத்தார்கள். அவற்றை அவர் தொடவே இல்லை, ஒருமுறை தள்ளியும் விட்டார். அந்த அம்மையார்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஹார்டுவேர் கடையிலிருந்து பல அளவுகளில் போல்ட், நட்டு, வாஷர் வாங்கி ஒரு தட்டில் கலந்து வைத்தார். அப்பா ஒவ்வொரு நட்டையும் எடுத்து, மரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பொருத்தமான போல்ட்டில் திருகி, தேய்ந்துபோனதைத் தனியே ஒதுக்கினார். நேற்று நடந்தது நினைவில் நிற்காத நிலையிலும் கை பழகிய வேலை நெடுநாள் தங்கியிருப்பது இந்நோயின் இயல்புகளில் ஒன்று. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது. மற்றவர்கள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டபோது, 'யாருக்கு யார் தாத்தா?' என்று சினந்தவர், இவர் 'சார்ஜ்மேன் சார், கொஞ்சம் வர்றீங்களா?' என்று கேட்டால் எழுந்து போவார்.

மையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் இருக்கிறார். அவர் காலையில் ஒவ்வொருவரின் நாடித் துடிப்பையும் எடையையும் நோட்டில் குறித்து வைக்கிறார். இது சடங்கு அல்ல. அல்சைமருக்குப் பரவலாகத் தரப்படும் டொனெபெசில் மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும், பசியைக் கெடுக்கும். அப்பாவின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதை அந்த நோட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்; தாமாக எதுவும் செய்யாமல் எங்களிடம் சொன்னார்கள், நரம்பியல் மருத்துவர் அளவை மாற்றினார். இன்னொரு பெரியவருக்கு ஒரே நாளில் குழப்பம் கடுமையானபோது, நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னதாகவும் அவருடைய மகள் என்னிடம் கூறினார். முதியவர்களிடம் சிறுநீர்த் தொற்று காய்ச்சல்கூட இல்லாமல் மனக்குழப்பமாக மட்டும் வெளிப்படுவது உண்டு. மையத்தின் கட்டணத்தில் பாதி இந்தச் செவிலியருக்கே தகும் என்பது என் கருத்து.

மதிய உணவு வீட்டுச் சமையல் போல, காரம் குறைவாக இருக்கும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு வைத்தால் பாதியை விட்டுவிடுகிறவர்கள், வெள்ளிக்கிழமை வாழையிலை போடும்போது முழுவதும் சாப்பிடுகிறார்கள். பச்சையின் மேல் சோறு தெளிவாகத் தெரிவதே காரணம். தினமும் இலை போடக் கட்டுப்படியாகாது என்றால் வண்ணத் தட்டாவது வாங்கலாமே என்று கேட்டிருக்கிறேன், இன்னும் வாங்கவில்லை.

சேர்க்கையின்போது நான்கு பக்கப் படிவம் ஒன்று தருகிறார்கள். என்ன வேலை பார்த்தார், எந்தப் பாட்டு பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், எந்தப் பெயரைச் சொன்னால் அமைதியாவார் என்றெல்லாம் கேட்கும் நல்ல படிவம் அது. அம்மா ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அதற்கு விடை சொன்னார். ஆனால் அந்தப் படிவம் அலுவலக அலமாரியிலேயே இருந்துவிட்டது. அப்பாவோடு நாள் முழுவதும் இருக்கும் ஆயாக்கள் அதைப் படித்திருக்கவில்லை, அவர்களுக்கு யாரும் படித்துக் காட்டவும் இல்லை. கையேட்டில் 'மறதியைக் குறைக்கும் சிறப்புப் பயிற்சிகள்' என்று அச்சிட்டிருப்பதையும் அவர்கள் நீக்கிவிட வேண்டும். அல்சைமரால் இழந்த நினைவை மீட்டுத் தரும் பயிற்சி எதுவும் கிடையாது. பரவலாகத் தரப்படும் மருந்துகளும் சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கின்றன, அவ்வளவே. நிதானமாக ஒரு பகலைக் கழிக்க வைப்பதே பெரிய சேவை. அதைச் செய்துகொண்டே இல்லாத ஒன்றை ஏன் விற்க வேண்டும்?

இனி நான்கு மணிக்கு வருகிறேன். மறதி நோயாளிகள் பலருக்குப் பிற்பகல் சாயும்போது பதற்றம் கூடும். உடலின் பகல் இரவுக் கடிகாரத்தை நடத்தும் மூளைப்பகுதி நோயால் பாதிக்கப்படுவதும், நாள் முழுவதும் புரியாத உலகத்தைப் புரிந்துகொள்ள முயன்ற களைப்பும், மங்கும் வெளிச்சமும், பசியும் சேர்ந்து அந்த வேளையைக் கடினமாக்குகின்றன. அதாவது, திறமையான ஆள் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரம் அது. இந்த மையத்திலோ மூத்த பணியாளரும் செவிலியரும் மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். மீதி இரண்டு மணி நேரத்துக்கு இருப்பவர்கள் இரண்டு இளம் ஆயாக்கள் மட்டுமே. காலையில் நான்கு பேருக்கு ஒருவர் என்று பெருமையோடு சொல்லப்படும் கணக்கு மாலையில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர் என்று ஆகிவிடுவதை யாரும் சொல்வதில்லை.

விளைவை நேரில் பார்த்தேன். 'வீட்டுக்குப் போகணும்' என்று அப்பா தொடங்கினால் மூத்த பணியாளர் மறுக்கவும் மாட்டார், வாக்குக் கொடுக்கவும் மாட்டார். 'போகலாம் சார், டீ ஆறுது, குடிச்சுட்டுப் போகலாம்' என்று பேச்சைக் கையில் ஒரு டம்ளரோடு திருப்பிவிடுவார். ஆயாவோ பாவம், தெரிந்த ஒரே வழியாக, 'உங்க பையன் இப்ப வந்துடுவார்' என்கிறார். அதைக் கேட்ட அப்பா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கம்பிக் கதவருகே நின்றுவிடுகிறார். நான் வருவதில்லை, வேன் வருகிறது. அதுவும் ஐந்து மணிக்கு, நகரத்தின் நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது, அவரை ஏற்றிக்கொண்டு மற்றவர்கள் வீடுகளை எல்லாம் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து வருகிறது. பகலெல்லாம் அமைதியாக இருந்தவர், வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மாவையே யார் என்று கேட்கும் அளவுக்குக் குழம்பியிருப்பார். கண்காணிப்புக் கேமராவின் காட்சியைக் கைபேசியில் பார்க்கும் வசதி உண்டு. அது மகன்களுக்கான ஆறுதல், அப்பாவுக்கு அதனால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை.

நிர்வாகியிடம் இதைப் பேசினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மாலைக்குப் பயிற்சி பெற்ற ஆளை வைத்தால் கட்டணத்தை ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்; பாதிக் குடும்பங்கள் நின்றுவிடும் என்றார். அது பொய்யல்ல. இப்போதே மாதம் 14,000 ரூபாய், வேனுக்குத் தனியாக 3,500. சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு விடுமுறை. ஆனாலும் மூன்று மணிக்கு இருவரும் சேர்ந்து போகாமல் ஒருவர் காலையில் தாமதமாக வந்து மாலைவரை இருப்பதற்குப் புதிதாகச் செலவில்லை. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பணம் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் குறிப்பிடப்பட்ட நோய்களின் பட்டியலில், 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருப்பதாகச் சான்றளிக்கப்பட்ட டிமென்ஷியா எனும் மறதி நோயும் இருந்தது. நரம்பியல் நிபுணரின் பரிந்துரைச் சீட்டு இருந்தால், மூத்த குடிமகனின் சிகிச்சைச் செலவுக்கு 1,00,000 ரூபாய் வரை கழிவு கோர அந்தப் பிரிவு இடம் தந்தது, பழைய வரி முறையில் மட்டும். மையம் தரும் ரசீதில் 'முதியோர் சேவை' என்று மொட்டையாக இருக்கிறது. செவிலியர் கண்காணிப்பு, உணவு, போக்குவரத்து என்று பிரித்து எழுதித் தருவதில் அவர்களுக்கு என்ன சிரமம் என்று எனக்குப் புரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு அப்பாவை அங்கிருந்து எடுக்கவில்லை, காரணம் அம்மா. எழுபதைத் தாண்டிய அவருக்கு மூட்டுவலி. அப்பா இரவில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து சட்டை மாட்டும்போதெல்லாம் அவரும் எழுந்துகொள்வார். பகலில் இப்போது படுத்து உறங்குகிறார், மருத்துவரிடம் போகிறார், தங்கை வீட்டுக்குப் போய் வருகிறார். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. அவர்கள் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் உறக்கம் கெட்ட ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் ஒரு பெண். மையத்தின் மாதாந்தரக் குடும்பக் கூட்டத்தில் இதைக் கண்ணால் காணலாம். ஆண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கப் போகிறார்கள். மருமகள்களும் மகள்களும் மனைவிகளும் உட்கார்ந்து, குளிக்க மறுப்பவரை எப்படிக் குளிப்பாட்டுவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அறிவிக்கப்பட்ட சொற்பொழிவைவிட அந்தப் பேச்சே பயனுள்ளது.

நோயின் தொடக்க நிலையிலோ நடு நிலையிலோ இருக்கும், நடமாட முடிகிற, கூட்டத்தைக் கண்டு மிரளாத ஒருவருக்கு இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன். விழுங்கச் சிரமப்படுபவருக்கும், எழுந்து நடக்க இருவர் துணை தேவைப்படுபவருக்கும் இது ஏற்றதல்ல. அங்கே அதற்குரிய ஆள் பலம் இல்லை. வேறு இடம் தேடுபவர்கள், 1992இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட, அல்சைமர் நோயாளிகளுக்கான ஏஆர்டிஎஸ்ஐ சங்கத்தின் சென்னைக் கிளையிலும், சென்னையின் மனநலத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃபின் டிமென்ஷியா பிரிவான டெம்கேர்ஸிலும் விசாரிக்கலாம். எங்கே போனாலும் சேர்க்கைக்கு முன் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் நான்கு மணிக்குப் போய், யார் பணியில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நாங்கள் வேனை நிறுத்திவிட்டு, மூன்று மணிக்கே ஆட்டோவில் அப்பாவை அழைத்து வந்துவிடுகிறோம். மூத்த பணியாளர் கிளம்பும் முன் அவரே கைபிடித்து ஏற்றிவிடுகிறார். வேன் கட்டணம் மிச்சமாகி ஆட்டோவுக்குப் போகிறது. மாதக் கட்டணத்தில் குறைப்பு எதுவும் கிடையாதாம்.