புறநானூறா, பரணியா: எதை முதலில் எடுப்பது?

பழந்தமிழில் போரைப் படிக்க நினைப்பவர்கள் தயங்குவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

குரல்: புறநானூற்றில் பல புலவர்கள். பரணி என்றால் போர் வெற்றியைப் பாடும் நூல்; இங்கே சொல்வது கலிங்கத்துப்பரணி. அதில் ஜெயங்கொண்டார் ஒருவரே, அதுவும் கலிங்கப் போரில் வென்ற சோழன் குலோத்துங்கன் பக்கம் நின்று.

இழப்பு: புறநானூற்றின் (சுருக்கமாகப் புறம்) 278ஆம் பாட்டில் முதிய தாய் வாளோடு களத்தில் பிணங்களைப் புரட்டுகிறாள். மகன் புறமுதுகிடவில்லை, சிதைந்து கிடக்கிறான் என்று கண்டதும் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். இன்று படித்தால் அந்த மகிழ்ச்சி உறுத்தும், உறுத்தட்டும். பரணியிலோ பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கிவிட்டுப் பிணக்கூழ் காய்ச்சுகின்றன. கோரம்தான், ஆனால் சிரிப்பும் வருகிறது.

எளிமை: இரண்டுக்கும் உரை வேண்டும். பரணியின் சந்தம் மட்டும் வாய்விட்டுப் படித்தாலே இழுத்துக்கொள்ளும்.

போர் வீட்டுக்குள் என்ன செய்தது என்று அறியப் புறம், தினம் ஒரு பாட்டு போதும். அரசவை அதை எப்படிக் கொண்டாடியது என்று பார்க்கப் பரணி.