கோரக்குவென் ஹால்: மல்யுத்தத்தைக் காதால் பார்க்க ஓர் இடம்

ஜப்பான் தொழில்முறை மல்யுத்தத்தை நேரில் பார்க்க ஆசை, கையில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். டோக்கியோ டோம் என்கிற பிரமாண்ட அரங்கம் வேண்டாம். அதே வளாகத்தில், அதன் நிழலிலேயே நிற்கிற கோரக்குவென் ஹாலுக்குப் போங்கள்.

டோமைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1992இல் தொடங்கி ஒவ்வொரு ஜனவரி 4ஆம் தேதியும் நியூ ஜப்பான் நிறுவனம் அங்கே நடத்துகிற பெரிய காட்சி, இந்த விளையாட்டின் ரசிகர்களுக்குத் திருவிழா. 2017இல் ஒக்காடா, கென்னி ஒமேகா என்ற இரண்டு வீரர்களும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மோதியது அங்கேதான். வெளிநாடுகளில் பலர் ஜப்பான் பக்கம் திரும்பியதே அந்த ஒரு மோதலுக்குப் பிறகு. ஆனால் டோமில் பின்வரிசையில் உட்கார்ந்தால் நீங்கள் பார்ப்பது ராட்சதத் திரையைத்தான். மோதல் நடக்கிற மேடையான வளையத்தில் விழுகிற அடியின் சத்தம் உங்களிடம் வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும். ஜப்பான் மல்யுத்தத்தின் பாதி சுவை சத்தத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்காகவே கட்டியதுபோல இருக்கிறது கோரக்குவென்.

1962இல் திறக்கப்பட்ட அரங்கம். ஐந்தாவது மாடி. நெருக்கி உட்கார்ந்தாலும் சுமார் இரண்டாயிரம் பேர்தான். குத்துச்சண்டைக்காரர்களும் இதைத் தங்கள் கோயிலாகத்தான் நினைக்கிறார்கள். மஞ்சள் பட்டை போட்ட சோபு லைன் ரயிலில் சுய்தோபாஷியில் இறங்கினால் சில நிமிட நடை. சனி, ஞாயிறு என்றால் வழியில் இன்னொரு கூட்டமும் இருக்கும். பக்கத்துக் கட்டடத்தில் குதிரைப் பந்தயச் சீட்டு விற்கிறார்கள். செய்தித்தாளை நான்காய் மடித்து, காதில் பென்சில் செருகிக்கொண்டு நிற்கிற பெரியவர்களைத் தாண்டித்தான் நாம் போக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கும் நம் கூட்டத்துக்கும் சட்டென்று வித்தியாசம் தெரியாது. டி-ஷர்ட்டில் நியூ ஜப்பானின் சின்னமான சிங்கத் தலை இருந்தால் நம் ஆள்.

லிஃப்ட் உண்டு. ஆனால் ஒரு முறையாவது படியேறிப் போங்கள். படிக்கட்டுச் சுவர் முழுக்க ரசிகர்களின் கிறுக்கல். வீரர்களின் பெயர்கள், இன்னாரை ஒருநாள் சாம்பியனாகப் பார்ப்பேன் என்கிற சபதங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி எழுதி முதலில் இருந்த எழுத்து படிக்க முடியாமல் போன இடங்கள். காட்சி முடிந்து இறங்கும்போது கூட்டத்தில் நின்று படிக்க வாய்க்காது. ஏறும்போதே பார்த்துவிடுவது நல்லது.

உள்ளே நுழைந்ததும் முதலில் தோன்றுவது, இவ்வளவு சின்னதா என்பதுதான். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். பழைய கட்டடம், பழைய நாற்காலிகள். சொகுசு தேடி யாரும் இங்கே வருவதில்லை. வளையத்தைச் சுற்றித் தரைமட்ட நாற்காலிகள், தெற்குப் பக்கம் படிப்படியாக உயர்ந்து போகிற இருக்கைகள், மேலே பால்கனி. அந்தப் பால்கனி கம்பியில் அபிமான வீரர்களின் பெயர் எழுதிய துணிகளைத் தொங்கவிடுவார்கள். என் ஓட்டு தெற்குப் பக்கத்துக்கு. முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. வளையம் முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும். வளையத்தை ஒட்டிய முதல் வரிசைக்கு அதிகம் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். அங்கே வியர்வை தெறிக்கும், சில சமயம் வீரரே வந்து மடியில் விழுவார். அதுவும் ஒரு சுகம்தான். ஆனால் தெற்குக்காரர்களுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நியூ ஜப்பான் காட்சி என்றால் தயவுசெய்து தாமதமாகப் போகாதீர்கள். முதல் மோதல் பெரும்பாலும் பயிற்சி வீரர்களுடையது. இவர்களை இளஞ்சிங்கங்கள் என்பார்கள். கறுப்பு ஜட்டி, கறுப்பு பூட்ஸ், ஒட்ட வெட்டிய தலை. அலங்காரம் கிடையாது, தனிப் பாட்டு கிடையாது, பட்டப்பெயரும் கிடையாது. செதகயா பகுதியில் நோகே என்கிற இடத்தில் உள்ள பயிற்சிக்கூடத்தில் தங்கி, சமைத்து, துவைத்து, ஆயிரக்கணக்கில் குந்துகை போட்டுவிட்டு வருகிற பையன்கள். பறக்கிற வித்தைகள் எதையும் இவர்கள் செய்யக் கூடாது. பிடி, உதை, முழங்கை, அப்புறம் எதிராளியைக் குப்புறப் போட்டு இரண்டு கால்களையும் அக்குளில் இடுக்கி முதுகை வில்லாக வளைக்கிற பாஸ்டன் கிராப். இவ்வளவுதான் அவர்கள் கையிருப்பு.

இந்த வறுமையில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பிடி விழுந்ததும் கீழே கிடக்கிற பையன் கயிற்றை நோக்கி ஊர்வான். கயிற்றைத் தொட்டுவிட்டால் பிடியை விட்டாக வேண்டும். விரல் நுனிக்கும் கயிற்றுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மேலே இருப்பவன் அவனைத் தரதரவென்று நடு வளையத்துக்கு இழுத்து, இன்னும் தாழ உட்காருவான். அடியில் கிடப்பவனின் நெற்றி விரிப்பில் அழுந்தித் தோல் சிவந்து போகும். அவன் பெயர் அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனாலும் அத்தனை பேரும் அவனுக்காகக் கத்துவார்கள். தோற்றவன் உடனே எழுந்து வணக்கம் வைத்துவிட்டு, அடுத்த மோதலில் வளையத்துக்கு வெளியே நின்று அண்ணன்மாருக்கு எடுபிடி வேலை பார்ப்பான். இப்படிச் சில ஆண்டுகள் கழிந்த பிறகு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும்போது ஆளே வேறு. ஒக்காடா அப்படித்தான் அமெரிக்கா போய், 2012 ஜனவரி 4 அன்று ‘ரெயின்மேக்கர்’ என்று திரும்பி வந்து, அடுத்த மாதமே அன்றைய சாம்பியன் தனஹாஷியை வீழ்த்திப் பட்டத்தைப் பிடித்தார். சின்னப் பையனாகப் பார்த்தவனை அப்படிப் பார்ப்பதற்காகவே முதல் மோதலைத் தவறவிடாத ரசிகர்கள் இங்கே நிறைய உண்டு.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். ஜப்பான் ரசிகர்கள் அமைதியானவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது அரைகுறை உண்மை. அவர்கள் கவனிக்கிறார்கள். இரண்டு பேர் தரையில் மணிக்கட்டைப் பிடித்து மல்லுக்கட்டும்போது அரங்கம் அடங்கி இருக்கும். பூட்ஸ் விரிப்பில் உரசுவதும், நடுவர் “தோல்வியை ஒத்துக்கொள்கிறாயா?” என்று கேட்பதும் மேல் வரிசை வரைக்கும் வரும். அதனால்தான் மார்பில் விழுகிற முதல் அறை அப்படித் தூக்கிப் போடுகிறது. விரித்த உள்ளங்கை வெறும் மார்பில் விழுகிற சத்தம், தாழ்ந்த கூரையில் மோதித் திரும்பி வரும். வாங்கியவர் அசையாமல் நின்று, நெஞ்சை இன்னும் நிமிர்த்தி, இன்னொன்று போடு என்று காட்டுவார். ஐந்தாவது அடியில் நெஞ்சு தக்காளி நிறம். கோபாஷியும் சசாகியும் 2005இல் டோமில் மாறி மாறி அறைந்துகொண்டதை ரசிகர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். எனக்கோ, அதையே இந்த ஐந்தாம் மாடியில் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

நடுநடுவே அறிவிப்பாளரின் குரல் வரும்: ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. முதலில் எனக்கு இது எதற்கு என்று இருந்தது. முப்பது நிமிட வரம்புள்ள மோதலில் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று என்று கேட்கும்போது வயிற்றைப் பிசையும், அப்போது புரியும். வளையத்துக்கு வெளியே விழுந்தவருக்கும் இங்கே நியூ ஜப்பானில் இருபது வரை எண்ணுகிறார்கள். அமெரிக்கக் காட்சிகளில் பத்து. பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணும்போது உருண்டு புரண்டு உள்ளே வருகிறவரைப் பார்க்க வேண்டுமே! இந்த இடத்தில்தான் தெற்குக்காரர்களின் வேலை வருகிறது. இறுதிக் கட்டத்தில் மொத்தப் பகுதியும் காலால் தரையை மிதிக்கத் தொடங்கும். இடி மாதிரி கிளம்பி முதுகுத்தண்டில் ஏறும். கொரோனா காலத்தில் வாய்திறக்கத் தடை இருந்தபோது கைதட்டலாலும் இந்தக் காலடியாலுமே மோதல்களை நடத்திக் காட்டிய கூட்டம் இது.

“யார் ஜெயிப்பார் என்பது முன்பே பேசி வைத்ததுதானே, எதற்கு இவ்வளவு?” என்று கேட்பவர்கள் உண்டு. பேசி வைத்ததுதான், ஐயா. நாடகத்தில் கடைசியில் யார் சாவார் என்று தெரிந்துதான் போகிறோம். அடி மட்டும் நாடகமல்ல. மிசாவா என்கிற பெரிய வீரர் 2009 ஜூனில் ஹிரோஷிமாவில் பின்னோக்கி எறியப்பட்டு விழுந்து, எழாமலேயே போனார். மறைந்த வீரர்களுக்காக வளையத்தில் படத்தை ஏந்தி நின்று பத்து முறை மணி அடிக்கிற வழக்கத்தை இங்கே பார்த்தவர்கள் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இன்னொன்று. நீங்கள் இந்தியர் என்று தெரிந்தால் பக்கத்து இருக்கைப் பெரியவர் பேச்சுக் கொடுப்பதற்குத் தயாராக இருங்கள். எடுத்த எடுப்பில் ‘டைகர் ஜீத் சிங்’ என்பார். பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய இவர், 1973இல் நியூ ஜப்பானுக்கு வில்லனாக வந்தவர். தலைப்பாகையும் கையில் வாளுமாக ரசிகர்கள் மத்தியில் பாய்வார், கூட்டம் சிதறி ஓடும். அதே ஆண்டு ஷின்ஜுகுவில் இசெதான் கடைக்கு எதிரே, பட்டப்பகலில் இல்லையென்றாலும் நடுத்தெருவில், நியூ ஜப்பானைத் தொடங்கிய வீரர் இனோகியைத் தாக்கியது செய்தியானது. என்னிடம் பேசிய ஒரு பெரியவர், சின்ன வயதில் இவரைப் பார்த்து நாற்காலிக்கு அடியில் ஒளிந்ததை நடித்தே காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு வில்லனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்குமா என்று தெரியவில்லை.

எந்த நிறுவனத்தின் காட்சிக்குப் போவது என்பதுதான் அடுத்த குழப்பம். ஒரே அரங்கத்தை எல்லாரும் எடுக்கிறார்கள், கிழமைக்கு ஒரு நிறம். 1972இல் இனோகி தொடங்கிய நியூ ஜப்பான், அதே ஆண்டு ஜயன்ட் பாபா தொடங்கிய ஆல் ஜப்பான், 2000இல் அங்கிருந்து மிசாவா பிரிந்து வந்து தொடங்கிய நோவா, இந்த மூன்றும் கனமான வகை. பெண்கள் மல்யுத்தத்துக்கு ஸ்டார்டம். வேகம் ஆண்களைவிடக் கூட என்பேன். பெண்களின் மோதல் இடைவேளைச் சரக்கு என்று நினைப்பவர்கள் ஒரு முறை வந்து பார்க்கட்டும். டிராகன் கேட்டில் கண்ணிமைத்தால் மூன்று நகர்வு போய்விடும். டிடிடி முழுக்க வேறு உலகம். அங்கே ஊதிய பொம்மை ஒன்று வீரராக மோதும். அவர்களுடைய பட்டம் ஒன்றை ஓர் ஏணிகூட வென்றிருக்கிறது. பொம்மையின் மோதலையும் கூட்டம் அதே கவனத்தோடு பார்க்கும் என்பதுதான் வேடிக்கை. பிக் ஜப்பானில் டியூப்லைட்டால் அடித்துக்கொள்வார்கள். அது எனக்கு ஒத்துவராது. கண்ணாடித் தூள் வெளிச்சத்தில் மிதப்பதைப் பார்த்தால் எனக்கு இருமல்தான் வருகிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை, வெளியே முடித்துவிட்டு வரலாம். விற்பனை மேசைகள்தான் சுவாரசியம். சின்ன நிறுவனங்களின் காட்சிகளில் வீரர்களே நின்று துண்டும் டி-ஷர்ட்டும் விற்பார்கள், வாங்கினால் கையெழுத்து. சற்று முன் ஒருவர் கழுத்தை நெரித்த கை, மிக மரியாதையாகச் சில்லறையை எண்ணித் தரும். காகிதச் சுருள் எறிய அனுமதி உள்ள காட்சிகளில் இன்னொரு அழகு உண்டு. அபிமான வீரரின் நிறத்தில் சுருள் வாங்கி, யார்மேலாவது பட்டுக் காயமாகக் கூடாது என்று நடுவில் இருக்கிற கெட்டி அட்டையைக் கழற்றிவிட்டு, தளர்வாகத் திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் நாலா பக்கமிருந்தும் பறந்து, நொடியில் வளையம் நிறைந்துவிடும். மறுநொடி பயிற்சிப் பையன்கள் பாய்ந்து, கை நிறைய அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வேகத்தையும் கவனியுங்கள், அதற்கும் பயிற்சி உண்டு.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். மைக் பிடித்துப் பேசுகிற இடங்கள் மட்டும் புரியாது. பக்கத்தில் இருப்பவர் எப்போது நிமிர்ந்து உட்காருகிறாரோ அப்போது நீங்களும் நிமிர்ந்தால் போதும்.

முதல் தடவை போகிறவர்கள் வார நாள் மாலைக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். ஆறரைக்குத் தொடங்குவது அதிகம். அலுவலகத்திலிருந்து நேரே வந்த ஆசாமிகள் டையைத் தளர்த்திக்கொண்டு கத்துவதைக் கேட்கலாம். டிக்கெட் சில ஆயிரம் யென்னில் கிடைக்கும், நிறுவனத்துக்கும் இருக்கைக்கும் ஏற்ப மாறும். ஆன்லைனில் மறுவிற்பனை செய்கிற இடைத்தரகர் ஒருவரிடம் அவசரப்பட்டு வாங்கி, முகவிலைக்கு மேல் கொட்டி அழுத அனுபவம் எனக்கு உண்டு. உள்ளே போனால் என்னைச் சுற்றிலும் காலி நாற்காலிகள். பெரிய பட்ட மோதல்கள், கடைசி விடைபெறல் மாதிரியான நாட்கள் தவிர, சின்ன நிறுவனங்களின் காட்சிக்கு அன்றைக்கே அரங்க வாசலில் சீட்டு கிடைப்பது வழக்கம். கிடைத்தால் தெற்கு என்று கேளுங்கள். தெற்கு தீர்ந்திருந்தால் கிழக்கோ மேற்கோ எதுவானாலும் வாங்குங்கள், இந்த அரங்கத்தில் தூரமான இருக்கை என்று ஒன்று கிடையாது.