காளைமேல் பயமா, அப்புச்சிமேல் பயமா?

காங்கயம் பக்கம், அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக் கட்டுத்தறியில் மயிலைக்காளை மூச்சுவிட்டாலே என் தம்பி திண்ணைக்கு ஓடிவிடுவான். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டைக் கேட்டால், பயம் காளைமேல் இல்லை என்பார். 1909-இல் அவர் எழுதிய ஐந்து வயது ஹான்ஸுக்குக் குதிரை என்றால் நடுக்கம். அம்மாமேல் ஆசை, அதனால் அப்பாமேல் உள்ளுக்குள் அச்சம். குதிரை இருக்கும் தெருவைத் தவிர்க்கலாம், அப்பாவைத் தவிர்க்க முடியுமா? அச்சம் குதிரைக்கு இடம் மாறிவிட்டது. குதிரையின் கண்பட்டைகூட அப்பாவின் மூக்குக்கண்ணாடியாம்!

நடத்தையை ஆராய்ந்த உளவியலாளர் வாட்சனின் கணக்கு எளிது. 1920-இல், குழந்தை ஆல்பர்ட் வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியில் சுத்தியலடி. அப்புறம் எலியைக் கண்டாலே அழுகை.

ஹான்ஸும் வண்டிக்குதிரை விழுந்ததைப் பார்த்தவன்தானே? எனக்கு வாட்சன் பக்கமே சாய்வு. ஆனால் தம்பியைக் காளை முட்டியதே இல்லை. அப்புச்சி துண்டை உதறினாலும் அதே திண்ணைக்குத்தான் ஓடுவான்.